காலில் சிவந்து வலிக்கும் கட்டிகள்: எரித்தீமா நோடோசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தோல் மருத்துவர். இந்தக் கட்டியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுடிதாரின் காலை முழங்கால் வரை மடக்கிவிடும்போதே, "தொடாதீங்க டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். என்னிடம் வருவதற்குள் சூட்டுக்கட்டி என்று ஒருவர் சொல்லியிருப்பார், பூச்சிக்கடி என்று இன்னொருவர், அக்கி என்று பக்கத்து வீட்டு அம்மா. மூன்றுக்கும் மூன்று வைத்தியம் நடந்து முடிந்திருக்கும். அவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

பெயரே வாயில் நுழையவில்லையே, இது என்ன நோய்?

எரித்தீமா என்பது கிரேக்கச் சொல், சிவத்தல் என்று பொருள். நோடோசம் லத்தீன், முடிச்சு முடிச்சாக இருப்பது. இரண்டும் சேர்ந்தால் சிவந்த முடிச்சுகள். 1798லேயே ராபர்ட் வில்லன் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். மருத்துவர்கள் சுருக்கமாக ஈ.என். என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

தோலுக்கு அடியில் ஒரு கொழுப்பு அடுக்கு இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தில் சுளைக்கும் சுளைக்கும் நடுவே மெல்லிய தோல் இருப்பதுபோல, அந்தக் கொழுப்பையும் மெல்லிய சவ்வுகள் பகுதி பகுதியாகப் பிரிக்கின்றன. ஈ.என்.னில் முக்கியமாக அழற்சி ஏற்படுவது இந்தச் சவ்வுகளில்தான். கொழுப்புச் சுளைகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதனால் கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எவ்வளவு வலித்தாலும், உடைந்து புண்ணாகாது. ஆறிய பிறகு தழும்பும் பள்ளமும் இருக்காது. உள்ளே சீழ் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

பார்த்தால் எப்படி இருக்கும்?

இரண்டு கால்களிலும், முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேலும் அதன் இரு பக்கங்களிலும் வரும். ஒரு கட்டி 1 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், சில நேரம் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். தொட்டால் சுடும். சிலருக்குத் தொடையிலும் முன்கையிலும்கூட வரும்.

பாடப்புத்தகப் படங்களில் வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்று தெரியும். நம் தோலில் அப்படித் தெரியாது. மாநிறத்தில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். கருத்த தோலில் வெறும் மினுமினுப்பும் லேசான மேடும்தான். அதனால் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பது முக்கியம். விரலை மெல்ல ஓட்டினால், தோலுக்குக் கீழே புளியங்கொட்டையைப் பதித்து வைத்ததுபோல் கெட்டியாகத் தட்டுப்படும், அந்த இடத்தில் கால் வெடுக்கென்று பின்னால் போகும். கொலுசு உரசினாலே உயிர் போகிறது என்று ஒரு பெண் கொலுசைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரவில் போர்வை படுவதைக்கூடத் தாங்க முடியாது என்பவர்கள் உண்டு.

கட்டி வருவதற்குச் சில நாட்கள் முன்பே காய்ச்சல், உடம்பு அசதி, மூட்டு வலி எல்லாம் தொடங்கலாம். கணுக்காலும் முழங்காலும் வீங்கிவிடுவதால் வாதக் காய்ச்சலோ சிக்குன்குனியாவோ என்ற சந்தேகம் வரும். ஒரு வாரம் பத்து நாளில் கட்டியின் நிறம் மாறும். சிவப்பு ஊதாவாகும், பிறகு பச்சையும் மஞ்சளுமாக, அடிபட்ட ரத்தக்கட்டு ஆறுவதைப்போலவே மங்கும். வேறு தோல் கட்டிகளில் இந்த வண்ண மாற்றத்தைப் பார்ப்பது அபூர்வம், நோயை அடையாளம் காண எங்களுக்கு இது பெரிய உதவி.

ஒரு முறை ஒரு பெண்ணின் காலைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் என்று மருத்துவமனை ஊழியர் ஒருவர் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் எழுந்ததில் தவறில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்னது உண்மை, அவர் மேல் ஓர் அடிகூட விழவில்லை.

சூட்டுக்கட்டி, அக்கி, பூச்சிக்கடி, இவற்றிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சூட்டுக்கட்டிக்கு முனை இருக்கும், பழுத்துச் சீழ் வைக்கும். இதற்கு முனை இல்லை, பழுக்காது. அக்கி என்று நாம் சொல்வதில் நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக வரும், வழக்கமாக உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும். காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதுகிற வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. ஈ.என். கட்டி தானாகவே சில வாரங்களில் ஆறிவிடுவதால், எழுதியதால்தான் ஆறியது என்று தோன்றிவிடும். பூச்சிக்கடியில் அரிப்பு தூக்கலாக இருக்கும். இதில் அரிப்பு இல்லை, வலிதான்.

ஒரே காலில் சிவப்பு பரவிக்கொண்டே போய், குளிர்காய்ச்சலும் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டினால் அது செல்லுலைட்டிஸ் எனப்படும் கிருமித் தொற்றாக இருக்கலாம். கெண்டைக்கால் முழுக்க ஒரு பக்கமாக வீங்கி இறுகினால் ரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். கூடவே மூச்சுத்திணறலும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று, கட்டி கெண்டைச் சதையில், அதாவது காலின் பின்பக்கம் வந்து, மெல்ல உடைந்து புண்ணாகி, ஆறி, மறுபடி வருகிறது என்றால் அது எரித்தீமா இண்டுரேட்டம். பெயர் ஒட்டி வந்தாலும் வேறு நோய், காசநோயோடு நெருங்கிய தொடர்புள்ளது. முன்பக்கமா பின்பக்கமா, உடைகிறதா உடையவில்லையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கட்டியைக் கீறிவிட்டால் சீக்கிரம் ஆறாதா?

கூடாது. உள்ளே சீழே இல்லாதபோது கீறினால் என்ன வரும்? ரத்தம்தான் வரும். கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், வேறொரு இடத்தில் இரண்டு கட்டிகளைக் கீறிவிட்ட பிறகு வந்தான். கீறாத ஆறு கட்டிகள் ஒரு மாதத்தில் தடம் தெரியாமல் மறைந்தன. கீறிய இரண்டும் புண்ணாகி, இன்றைக்கும் தழும்பாக இருக்கின்றன. அழுத்திப் பிதுக்குவது, சூடான எண்ணெய் விட்டு உருவுவது, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடுவது, இவை எதுவும் வேண்டாம்.

எதனால் வருகிறது?

ஈ.என்.னை ஒரு தனி நோய் என்பதைவிட உடம்பின் எதிர்வினை என்று சொல்வதுதான் சரி. உள்ளே எங்கோ ஒன்று நடக்கிறது, நோய் எதிர்ப்புச் சக்தி அதற்குப் பதில் கொடுக்கிறது, அந்தப் பதிலின் தடம் காலில் தெரிகிறது. கட்டிக்குள் கிருமியைத் தேடினால் பொதுவாகக் கிடைக்காது.

அந்த "ஒன்று" எதுவாகவும் இருக்கலாம். உலகம் முழுக்க அதிகம் காணப்படும் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண், குறிப்பாகக் குழந்தைகளில். தொண்டை வலி வந்துபோய் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கட்டி வருவதால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு வீட்டில் யாருக்கும் தோன்றாது. அப்புறம் காசநோய், சார்காய்டோசிஸ் (நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் சின்னச் சின்ன அழற்சி முடிச்சுகள் உண்டாகும் நோய்), குடல் அழற்சி நோய்கள், சில வயிற்றுப்போக்குக் கிருமிகள், சல்ஃபா வகை மருந்துகள், கருத்தடை மாத்திரை, கர்ப்பம். மிக அரிதாக லிம்ஃபோமா போன்ற புற்றுநோய். ஊருக்கு ஊர் காரணத்தின் வரிசை மாறும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் வாகீன் பள்ளத்தாக்கில் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் இதே கட்டிகள் வருகின்றன. அங்கே மருத்துவர் முதலில் அதைத்தான் நினைப்பார். இந்தியாவில் நாம் முதலில் நினைக்க வேண்டியது வேறு.

எல்லாம் தேடிப் பார்த்தும் காரணம் கிடைக்காமல் போவதும் உண்டு. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அப்படித்தான். அது நல்ல செய்தி, அவர்களுக்குப் பெரும்பாலும் கட்டி வந்த வழியே போய்விடும். ஆனால் தேடிய பிறகு கிடைக்கவில்லை என்பதும், தேடவே இல்லை என்பதும் ஒன்றல்ல.

காலில் கட்டி வந்ததற்கு நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு? சும்மா பணம் பிடுங்கவா?

இந்தக் கேள்விக்கு நான் சலிக்காமல் பதில் சொல்வேன். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்த நாட்டில் ஈ.என். என்று தெரிந்தால் நெஞ்சைப் பார்க்காமல் விடக்கூடாது.

காசநோய்க் கிருமி உடம்புக்குள் முதன்முதலாக நுழைந்து, உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்கிற சில வாரங்களில் இந்தக் கட்டிகள் வரலாம். அப்போது பெரும்பாலும் இருமலே இருக்காது. எடை குறைந்திருக்காது. நோயாளி நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருப்பார். கழுத்தில் ஒரு நெறி, எக்ஸ்ரேயில் நுரையீரலின் வேர்ப்பகுதியில் சற்றே பெருத்த நிணநீர்க் கணு, இவ்வளவுதான் தடயம். அப்போதே பிடித்துவிட்டால் மருந்தால் முழுமையாகக் குணமாக்கலாம். மருந்துக்குப் படிகிற காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம், ஊட்டச்சத்துக்கென்று மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்.

நெசவு ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். இரண்டு காலிலும் கட்டி. காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் கையில் போடும் மாண்டூ ஊசியின் இடம் மூன்றாம் நாள் எட்டணா அளவுக்குத் தடித்து, நடுவில் கொப்புளமே வந்துவிட்டது. இருமல் இருக்கிறதா என்றால், "பஞ்சுத் தூசிக்கு எல்லாருக்கும் இருக்கறதுதானே சார்" என்றார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் நிழல், சளியில் கிருமி. விடுதியில் அவர் அறையில் இன்னும் ஐந்து பேர். அவர்களையும் வரவழைத்துப் பார்த்ததில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. முதல் பெண்ணின் காலில் கட்டி மட்டும் வராமல் இருந்திருந்தால், அந்த இருமலைப் பஞ்சுத் தூசி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இரண்டே நாளில் கட்டி அமுங்கிவிட்டது. அதையே தொடரலாமா?

அந்த மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். அட்டையை எடுத்துவந்து காட்டுங்கள். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது போட்டிருக்கும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, நானே எழுதுகிறேன். ஈ.என்.னுக்கு அது வேகமாக வேலை செய்யும், அதில்தான் சிக்கல். உள்ளே காசநோய் இருந்து, அதற்கு மருந்தில்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போனால், எதிர்ப்புச் சக்தி ஒடுங்கிக் கிருமி தங்கு தடையில்லாமல் பரவும். அதோடு நிற்காது. மாண்டூ ஊசியின் வீக்கத்தையும் ஸ்டீராய்டு குறைத்துக் காட்டும், ரத்தத்தில் அழற்சி அளவுகளையும் இறக்கிவிடும். ஆக, கட்டியும் மறைந்து, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளும் அடைபட்டுப் போகும். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, தொற்று இல்லை என்ற உறுதி, அப்புறம்தான் ஸ்டீராய்டு. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சார்காய்டோசிஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

நுரையீரலின் இரு பக்க வேர்ப்பகுதியிலும் கணுக்கள் பெருத்து, கணுக்கால் வீங்கி, காய்ச்சலோடு ஈ.என்.னும் வந்தால் அதற்கு லெஃப்கிரென் கூட்டறிகுறி என்று பெயர். ஸ்வென் லெஃப்கிரென் என்ற சுவீடன் மருத்துவர் விவரித்தது. சார்காய்டோசிஸின் பல வடிவங்களில் இதுதான் நல்ல வடிவம், பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அடங்கிவிடும். நம் ஊரில் உள்ள சங்கடம், எக்ஸ்ரேயில் இதுவும் காசநோயும் ஒன்றுபோலவே தெரியும் என்பது. சார்காய்டோசிஸில் மாண்டூ பெரும்பாலும் எழும்பாது, அது ஒரு குறிப்பு. ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. கணுவிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நுரையீரல் மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள்.

இணையத்தில் தேடினால் தொழுநோய் என்று வருகிறது. எனக்குத் தொழுநோயா?

ஈ.என்., ஈ.என்.எல். இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் நோய் வேறு. ஈ.என்.எல். என்பது எரித்தீமா நோடோசம் லெப்ரோசம். தொழுநோய்க் கிருமிகள் உடம்பில் நிறைய இருக்கிறவர்களுக்கு வருகிற ஒரு கடும் எதிர்வினை. உலகில் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருப்பதால், இதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

வித்தியாசம் இதுதான். ஈ.என். பெரும்பாலும் காலின் முன்பக்கத்தோடு நிற்கும். ஈ.என்.எல். கட்டிகள் முகத்தில், கையில், தொடையில் என்று எங்கும் சின்னச் சின்னதாக எழும், கூட்டம் கூட்டமாக வந்து போகும், சில நேரம் உடைந்து புண்ணும் ஆகும். கடும் காய்ச்சல், நரம்பு வலி, கண் சிவப்பு, ஆண்களுக்கு விதை வீக்கம் எல்லாம் சேரலாம். அதனால் காலைப் பார்ப்பதோடு நான் நிறுத்துவதில்லை. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை விட்டு நரம்பை உருட்டிப் பார்ப்பேன். அது கயிறுபோல் தடித்திருக்கிறதா, தோலில் எங்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா, புருவத்தின் ஓரத்தில் முடி உதிர்ந்திருக்கிறதா, காது மடல் தடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். சந்தேகம் இருந்தால் காது மடலில் சின்னதாகக் கீறி எடுத்துக் கிருமியைத் தேடுவோம்.

தொழுநோய்க்கு மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் இந்த எதிர்வினை வருவது சாதாரணம். "மருந்துதான் ஒத்துக்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். எதிர்வினைக்கு ஸ்டீராய்டு உண்டு, குளோஃபாசிமின் உண்டு, தாலிடோமைடு உண்டு. தாலிடோமைடு தொழுநோய் எதிர்வினையை அடக்கும் என்பதை 1960களில் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் கவனித்தார். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும் மருந்து அது என்பதால், கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு மிக மிகக் கடுமையான கட்டுப்பாட்டோடுதான் தருவார்கள். நரம்பு வலியோ கண் வலியோ வந்தால் அன்றே போக வேண்டும். தாமதித்தால் விரல் மடங்கிவிடும், பார்வை போய்விடும். தமிழ்நாட்டில் இதற்கென்றே தேர்ந்த இடங்கள் இருக்கின்றன. செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் 1955லிருந்து இயங்குகிறது, வேலூர் அருகே கரிகிரியிலும் ஒரு பழைய மருத்துவமனை இருக்கிறது.

என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும்?

எல்லோருக்கும் எல்லாம் வேண்டாம். ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டூ, தொண்டைத் தொற்றுக்கான ஏ.எஸ்.ஓ., இவை அடிப்படை. மாண்டூ ஊசி போட்டால் 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து காட்ட வேண்டும். பலர் ஊசி போட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது சிவப்பை இல்லை, தடிப்பை, அதை அளவுகோலால் அளக்க வேண்டும். சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியும், நம் ஊரில் பரவலாக இருக்கும், நோயாக மாறாமல் உறங்கும் காசநோய்த் தொற்றும் மாண்டூவை எழுப்பலாம் என்பதால், ஊசி தடித்ததை மட்டும் வைத்துக் காசநோய் என்று முடிவு கட்ட மாட்டோம். ஏ.எஸ்.ஓ. அளவை இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒப்பிட்டால்தான் அர்த்தம் இருக்கும்.

மலத்தில் ரத்தம், பல வாரமாக வயிற்றுப்போக்கு என்றால் குடலைப் பார்க்க வேண்டும். வாயிலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்பப் புண் வந்தால் பெசெட் என்ற ரத்தக்குழாய் அழற்சி நோயை நினைப்போம். இதையெல்லாம் கேட்கத் தயங்கும் மருத்துவரும் உண்டு, சொல்லக் கூச்சப்படும் நோயாளியும் உண்டு. நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

தோலில் துணுக்கு எடுத்துப் பார்ப்பது, பார்த்தவுடன் ஈ.என். என்று தெரிகிறவர்களுக்குத் தேவையில்லை. புண்ணானாலோ, இடம் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, எட்டு வாரம் தாண்டியும் ஆறாவிட்டாலோ எடுப்போம். நோய் கொழுப்பில் இருப்பதால் ஆழமாக எடுக்க வேண்டும். மேலோட்டமாக எடுத்தால் அறிக்கையில் ஒன்றும் வராது.

சரி, சிகிச்சை என்ன?

முதல் சிகிச்சை காரணத்துக்கு. தொண்டைத் தொற்று இருந்தால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், பத்து நாள் முழுதாக. மூன்றாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்தக் கூடாது. இதே கிருமியின் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும். மருந்தால் வந்திருந்தால் அந்த மருந்தை மாற்ற வேண்டும்.

கட்டியின் வலிக்கு நாப்ராக்சன், இபுப்ரோஃபென், இண்டோமெத்தசின் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரைகள். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. குடல் அழற்சி நோய் இருந்தால் இவை அதைக் கிளறிவிடலாம். ஐப்பசி கார்த்திகையில், டெங்கு பரவும்போது, காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு டெங்கு இல்லை என்று தெரியும் வரை இவற்றைத் தருவதில்லை, பாராசிட்டமால் மட்டும்தான்.

இவற்றுக்கு அடங்காவிட்டால் பொட்டாசியம் அயோடைடு, கோல்ச்சிசின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அயோடைடு தைராய்டைப் பாதிக்கும், கர்ப்பத்தில் கூடாது.

துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் நல்லது. கிரேப் பேண்டேஜை விரலடியிலிருந்து முழங்கால் வரை ஒரே சீராகச் சுற்றினால் வலியும் வீக்கமும் குறையும். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் மட்டும் கேட்டுவிட்டுச் சுற்ற வேண்டும்.

ஓய்வெடுங்கள் என்கிறீர்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை, எப்படி முடியும்?

இதைக் கேட்டவர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற அக்கா. காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை. நிற்க நிற்கக் காலில் அழுத்தம் ஏறும், கட்டி பெரிதாகும், புதிதாகவும் வரும். நான்கு நாள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தாலே பாதி வலி போய்விடும் என்பதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். மருந்துச்சீட்டில் ஓய்வு என்று எழுதுவது சுலபம், அந்த நான்கு நாள் கூலியை யார் தருவார்கள் என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஒன்றை மட்டும் அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரம் உட்காருவது உங்கள் உரிமை. மருத்துவச் சான்று வேண்டுமென்றால் கேளுங்கள், நோயின் பெயரைப் போடாமலே "ஆறு வாரம் தொடர்ந்து நிற்கக் கூடாது" என்று எழுதித் தருவோம். வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்படியில் நிற்பதும் நிற்பதுதான். அம்மாவுக்கோ அண்ணிக்கோ இந்தக் கட்டி வந்திருந்தால், ஒரு மாதம் சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது வந்தால்?

கர்ப்பத்தில் ஹார்மோன் மாற்றத்தாலேயே வரலாம். குழந்தையை இது நேரடியாகப் பாதிப்பதில்லை. ஓய்வு, கால் உயர்த்தல், பேண்டேஜ், தேவைப்பட்டால் பாராசிட்டமால். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது, ஐந்து மாதத்துக்கு மேல் தவிர்த்துவிட வேண்டும். கர்ப்பம்தான் காரணம் என்று சொல்வதற்கு முன் மற்றக் காரணங்களையும் பார்க்க வேண்டும். வயிற்றை ஈயக் கவசத்தால் மறைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை, அதிலிருந்து குழந்தைக்குப் போகும் கதிர் மிக மிகக் குறைவு.

ஒட்டிக்கொள்ளுமா? கத்தரிக்காய், கருவாடு சாப்பிடலாமா?

கட்டி ஒட்டாது. காரணம் காசநோயோ தொண்டைத் தொற்றோ என்றால் அந்த நோய் பரவும், அதற்குத்தான் கவனம் வேண்டும். சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. கத்தரிக்காய், கருவாடு, மீன் எதுவும் இந்தக் கட்டியை வரவழைப்பதில்லை. காசநோய் இருப்பவர் முட்டையும் பருப்பும் நிறையவே சாப்பிட வேண்டும்.

எத்தனை நாளில் சரியாகும்? மறுபடி வருமா?

பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் பழையது ஆறிக்கொண்டிருக்கும்போதே புதியது வரும், மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் தளர வேண்டாம். மூட்டு வலி மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் மூட்டை அரிக்காது. தோலில் கருமை கொஞ்ச நாள் தங்கிப் பிறகு மங்கும்.

காரணம் நீங்காவிட்டால் மறுபடி வரலாம், காரணம் தெரியாதவர்களுக்கும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, கழுத்தில் நெறி, மலத்தில் ரத்தம், கண்ணில் சிவப்போடு வலி, மரத்துப்போன தேமல், கட்டி உடைந்து புண்ணாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள்.

போகும்போது, கட்டி வந்த முதல் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு மாதத்தில் விழுங்கிய எல்லா மாத்திரைகளின் காலி அட்டைகளையும், மருந்துக்கடையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய எக்ஸ்ரே படம் எங்காவது பரணில் கிடந்தால் அதையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.